பள்ளிக்கு மதில் கட்ட யாரிடம் போவது? சட்டம் சொல்வது ஒன்று, திட்டங்கள் கேட்பது வேறொன்று

ராஜபாளையத்துக்குத் தெற்கே தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். தளவாய்புரம் என்றால் நைட்டி என்று ஜவுளிக்காரர்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடும் பகுதி. அப்பா, அம்மா இருவரும் தையலுக்குப் போகும் வீடுகள் நிறைய. காலையில் பள்ளிக்குள் போன பிள்ளை சாயங்காலம் வரை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேலை நடக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களின் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் என்றால் ஒரு கேள்வி வந்துவிடும்: "காம்பவுண்டு சுவரு எப்ப சார் வரும்?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுதிப் போட்டிருக்கோம்."

எங்கே எழுதிப் போட்டிருக்கிறார்கள், எந்தத் திட்டத்தில், எந்த மதிப்பீட்டோடு என்று அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பாதுகாப்புக்கு அரசிடம் பணம் இல்லாமல் இல்லை. அது ஐந்தாறு பைகளில் இருக்கிறது. ஒவ்வொரு பைக்கும் ஒரு சாவி. சாவி கைவசம் உள்ள ஊருக்குச் சுவர் வருகிறது, இல்லாத ஊருக்கு வருவதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மதில் என்பது அரசு மனமிரங்கித் தரும் சலுகை கிடையாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் உண்டு. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டு மைதானம் ஆகியவற்றோடு, மதிலோ வேலியோ போட்டுப் பள்ளியைப் பாதுகாக்கும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. ஏற்கெனவே இயங்கிய பள்ளிகள் 3 ஆண்டுக்குள் இந்த அளவுகோலுக்கு வர வேண்டும் என்றது பிரிவு 19. அதாவது 2013 மார்ச் மாதத்தோடு கெடு முடிந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு தொடக்கப்பள்ளியோ நடுநிலைப்பள்ளியோ மதிலுக்காக மனுப் போடுகிறது என்றால், கெடு தாண்டிய கடனைத்தான் அது திருப்பிக் கேட்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே இந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது நல்லது. "தயவுகூர்ந்து" என்று தொடங்கும் மனுவுக்கும், "சட்டத்தின் அட்டவணைப்படி" என்று தொடங்கும் மனுவுக்கும் மேஜையில் கிடைக்கும் மரியாதை வேறு.

சுவர் இல்லாத பள்ளியில் என்ன நடக்கும் என்பது ஊருக்குத் தெரியும். ராத்திரி மைதானத்தில் குடி. காலையில் பிள்ளைகள் பொறுக்கும் உடைந்த பாட்டில். காணாமல் போகும் குழாய், மோட்டார், ஒயர். இப்போது அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டும், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேபும் வந்துவிட்டன. லட்சக்கணக்கான ரூபாய்ப் பொருளை, ஒரு பூட்டை நம்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் தலைமையாசிரியர். இதெல்லாம் பொருள் சேதம். 2024 நவம்பர் 20 அன்று தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசு உயர்நிலைப்பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியை ஒருவர், வேலை நேரத்தில், பள்ளிக்குள் வந்த வெளியாளால் குத்திக் கொல்லப்பட்டார். அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதும் எல்லாருக்கும் தோன்றியது, "கேட்டுல ஆளு இல்லையா?" என்ற கேள்விதான். அந்த ஆளுக்குத் திட்டங்களில் இடம் எங்கே என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்தப் பையில் எவ்வளவு?

பள்ளியின் கைக்கு நேரடியாக வருவது ஒருங்கிணைந்த பள்ளி மானியம். சமக்ர சிக்ஷா திட்டத்தில், மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் வரை. 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் என்றால் 50,000. 1,000 வரை 75,000. இதில்தான் கரண்ட் பில், சாக்பீஸ், ரிப்பேர், இன்டர்நெட் எல்லாம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மிச்சத்தில் ஒரு கேட்டுக்குப் பூட்டும் இரண்டு விளக்கும் வாங்கலாம், மதில் கட்ட முடியாது. இதிலும் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம். பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி, 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டு, 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் இந்த இழுபறியில் யார் பக்கம் நியாயம் என்று எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம்; முகவூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு மட்டும் இரு பக்கத்திலும் பதில் இல்லை.

பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் பெரியது. 5 ஆண்டுக்கு 7,000 கோடி ரூபாய் என்று 2022-23 பட்ஜெட்டில் சொல்லப்பட்டது. ஆனால் அதில் முதலிடம் வகுப்பறைகளுக்கு. பட்டியல் மேலிருந்து வரும். பள்ளி போய் வரிசையில் நிற்கும் திட்டம் கிடையாது.

ஊர் போய்க் கேட்கக்கூடிய, மதிலுக்குப் பொருத்தமான பை என்றால் 'நமக்கு நாமே'. 1997-98-இல் தொடங்கியது. 2011-க்குப் பின் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-க்குப் பின் பழைய பெயரோடு திரும்பியது. ஆட்சி மாறினால் பலகை மாறும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாறாது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் மக்கள் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதி என்றால் ஊரகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அரசுப் பள்ளிகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவது இதில் அனுமதிக்கப்பட்ட வேலை. மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால், பணம் கொடுத்தவர்களே வேலையை எடுத்துச் செய்யவும் வழி உண்டு. காண்ட்ராக்டரை நம்பாத ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

உதாரணமாக, மதிலுக்கு 12 லட்சம் என்று மதிப்பீடு வந்தால், ஊர் பங்கு 4 லட்சம். தளவாய்புரம் மாதிரி ஊரில் இது திரட்டக்கூடிய தொகைதான். பத்து இருபது நைட்டிக் கம்பெனி முதலாளிகள், அந்தப் பள்ளியிலேயே படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள், "அண்ணாச்சி, நம்ம பள்ளிக்கூடம்" என்று நாலு பேர் நேரில் போய்க் கேட்டால் ஒரு மாதத்தில் முடியும். ஆனால் பணத்தை மாவட்ட நிர்வாகத்தின் பெயருக்கு வரைவோலையாக எடுத்துத் தர வேண்டும். ஊர்க் கணக்கில் சேர்த்துவிட்டு, "எங்ககிட்ட காசு ரெடி" என்று சொன்னால் நடக்காது. இங்கேதான் ஊர்களுக்குத் தயக்கம்: கொடுத்துவிட்டு வேலை வராமல் போனால்? மதிப்பீடும் கொள்கை அளவிலான ஒப்புதலும் கையில் வந்தபின் பணம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

வேறு பைகளும் உண்டு. ராஜபாளையம் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. எம்.பி. நிதி 5 கோடி. ஆனால் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குத் தென்காசித் தொகுதியில் வருகின்றன. விருதுநகர் எம்.பி. அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். எம்.பி. நிதியில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்ற விதியையும் மனுவில் நினைவூட்டலாம்.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' 2022 டிசம்பர் 19-இல் தொடங்கிய திட்டம். தனியாரும் கம்பெனிகளும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து நிதி தரலாம். கம்பெனிச் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடி நிகர லாபமோ 1,000 கோடி விற்றுமுதலோ 500 கோடி நிகர மதிப்போ உள்ள கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ராஜபாளையத்துப் பெரிய மில்களும் சிமெண்ட் ஆலைக் குழுமமும் இந்த வரம்புக்குள் வரும். தளவாய்புரம் தையல் கூடங்கள் வராது. ஆகவே மில்களிடம் போகும்போது சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்க வேண்டும், உள்ளூர்க்காரரிடம் போகும்போது 'நமக்கு நாமே' பங்கைக் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பி எல்லாரிடமும் ஒரே நோட்டீஸை நீட்டுவதால் பல இடங்களில் காரியம் கெடுகிறது.

தெரு தாண்டினால் வேறு ஆபீஸ்

செட்டியார்பட்டி பேரூராட்சி. முகவூர் கிராம ஊராட்சி. நடந்து போகிற தூரம்தான். ஆனால் பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் பள்ளியின் 'நமக்கு நாமே' மனு செயல் அலுவலர் வழியாக நகராட்சி நிர்வாகத் துறைப் பக்கம் போகும். ஊராட்சிப் பள்ளியின் மனு வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். தவறான ஆபீஸில் கொடுத்த மனுவை யாரும் கிழித்துப்போட மாட்டார்கள். "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி இன்னொரு ஆபீஸுக்கு அனுப்புவார்கள். அந்தப் பயணத்தில் ஒரு நிதியாண்டு போய்விடும். போதாததற்கு, விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிக்கும் காரியத்துக்கு, தனி அலுவலர் வரும் நாள் பார்க்க வேண்டியதானது.

பணம் எங்கே என்பதைவிட, மனு ஏன் திரும்பி வருகிறது என்பதுதான் ஊர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. மதில் விஷயத்தில் முதல் முட்டுக்கட்டை நிலம். பழைய பள்ளிகள் பல, ஊர்ப் பெரியவர் யாரோ வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் நிற்கின்றன. பத்திரம் இருக்காது, இருந்தாலும் பட்டா வேறு பெயரில் இருக்கும். வகுப்பறை கட்டும்போது யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது நடுவில் வருகிறது. மதில் ஓரத்தில் வருகிறது. முதல் கடக்கால் தோண்டும் அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர், "எங்க இடத்துல ரெண்டு அடி வருதே" என்பார். முப்பது வருஷமாக மைதானம் வழியாக நடந்து போகிறவர்கள், "இது பாதை, அடைக்கக் கூடாது" என்பார்கள். சிலர் சொல்வதில் நியாயமும் இருக்கும். அதனால் மனு எழுதும் முன்பே தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி, சர்வேயரை வைத்து அளந்து, புல வரைபடமும் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் வாங்கி, பாதை கேட்பவர்களோடு பேசி ஒரு சின்ன கேட் விடுவதா இல்லையா என்று முடிவெடுத்துவிட வேண்டும். இது சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் வாங்கிய நிதி ஆண்டு இறுதியில் செலவாகாமல் திரும்பிப் போகும்.

இரண்டாவது முட்டுக்கட்டையைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் யுடைஸ் படிவம் நிரப்புகிறது. அதில் சுற்றுச்சுவர் என்றொரு கட்டம்: பக்கா சுவரா, உடைந்த சுவரா, முள்கம்பியா, செடி வேலியா, எதுவுமே இல்லையா, பாதி கட்டியதா. எப்போதோ ஒரு பக்கம் மட்டும் கட்டிய சுவரை நம்பி 'பக்கா சுவர்' என்று யாரோ நிரப்பியிருப்பார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் போன வருஷத்தைப் பார்த்தே எழுதியிருப்பார்கள். மேலே இருப்பவர் கம்ப்யூட்டரைத் திறந்தால் இந்தப் பள்ளிக்கு மதில் ஏற்கெனவே இருக்கிறது! மனுவோடு பத்து போட்டோ வைத்தாலும் தேவைப் பட்டியலில் பள்ளியின் பெயரே வராது. பெற்றோர் யாராவது தலைமையாசிரியரிடம், "போன வருஷம் அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்பது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பதைவிடப் பலன் தரும்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். சட்டப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டியது இந்தக் குழுதான். 2024-இல் மறுகட்டமைப்பு செய்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் பதிவேற்றினால் அது உரிய துறைக்குப் போகும், யாரிடம் நிற்கிறது என்றும் தெரியும். "பாதுகாப்பு வசதி செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. கிழக்குப் பக்கம் இத்தனை மீட்டர் திறந்து கிடக்கிறது, அது பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது, சென்ற ஆண்டு இன்ன தேதியில் மோட்டார் திருடு போய் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கப்பட்டது என்று எழுத வேண்டும். திருட்டு நடந்தால் "போனா போகுது" என்று விட்டுவிடும் பள்ளிகளிடம் பிறகு காட்ட ஆதாரமே இருக்காது. தீர்மானத்தோடு ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடும் சேர வேண்டும். உள்ளூர் கொத்தனார் பேப்பரில் எழுதிக் கொடுத்த தொகை செல்லாது.

வாங்க முடியாத ஊர்

இந்த முறையின் குறையை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடா மாநிலம் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின், பள்ளி வன்முறைத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பூட்டு, விளக்கு, எச்சரிக்கைக் கருவிகள், பயிற்சி ஆகியவற்றுக்கு அந்நாட்டு நீதித்துறை 5 லட்சம் டாலர் வரை தருகிறது. அங்கும் இலவசம் கிடையாது. 25 சதவீதத்தை உள்ளூர் போட வேண்டும். ஆனால் கடும் நிதி நெருக்கடி என்று காட்டினால் அந்தப் பங்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். துப்பாக்கி பயத்தில் பிறந்த திட்டம் அது, நம் பள்ளிகளின் பயம் வேறு. என்றாலும் அந்தத் தள்ளுபடி விதி யோசிக்கத்தக்கது.

ஏனென்றால் தளவாய்புரத்துக்குப் பொருந்தும் கணக்கு, அதே வட்டாரத்தில் மலையடிவாரத்துக்குப் பொருந்தாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் விளிம்பு அது. அடிவாரத் தோப்புகளுக்கு யானை வந்து போவது அங்கே சாதாரணம். அப்படிப்பட்ட இடங்களில் பள்ளிக்கு வேலி என்பதன் அர்த்தமே வேறு. தேனும் கிழங்கும் எடுத்தும் கூலிக்குப் போயும் பிழைக்கும் குடும்பங்களிடம் ஐந்தில் ஒரு பங்கு கேட்டாலும், 12 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வருகிறது. சட்டம் எல்லாப் பள்ளிக்கும் வேலி வேண்டும் என்கிறது. திட்டமோ, காசு கொண்டுவந்தவருக்கு முதலில் என்கிறது. மக்கள் பங்களிப்பு நல்ல விஷயம்தான், பணம் போட்டவர் வேலையைக் கண்காணிப்பார் என்பதும் உண்மைதான். ஆனால் சமுதாயக் கூடத்துக்கும் பூங்காவுக்கும் பொருந்தும் நியாயத்தை, சட்டக் கடமையான பள்ளி மதிலுக்கும் வைப்பது சரியில்லை. யுடைஸில் 'சுவர் இல்லை' என்று பதிவான தொடக்கப்பள்ளிகளை, பங்குத் தொகை கேட்காமல் முதலில் முடித்துவிட்டு, பிறகு மற்ற பள்ளிகளுக்கு 'நமக்கு நாமே' என்று சொல்லலாம்.

தனியார் பள்ளிகளுக்கு இந்த நிதிகள் கிடையாது. அவர்கள் அங்கீகாரத்துக்கே பாதுகாப்பைக் காட்டியாக வேண்டும். காட்டுகிறார்களா என்பது வேறு கேள்வி. 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் செப்டிக் டேங்க் மூடி உள்வாங்கி எல்.கே.ஜி. குழந்தை ஒன்று இறந்தது.

சுவரும் கேட்டும் வந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இரண்டு எச்சரிக்கை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கடக்கால் சரியில்லாத சுவரைவிட முள்கம்பி மேல். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனபோது, வெளியேறக் கிடைத்தது குறுகலான ஒரு படிக்கட்டுதான். அந்த வழக்கைத் தொடர்ந்து 2009-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளுக்குத் தீத்தடுப்பு விதிகளைக் கட்டாயமாக்கியது. எனவே மதில் கேட்கும் மனுவிலேயே இரண்டு கேட் கேட்க வேண்டும். இரண்டின் சாவியும் பள்ளி நேரத்தில் உள்ளே யாரிடம் இருக்கும் என்பதைத் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

சிசிடிவி கேமராவுக்கு நன்கொடையாளர் எளிதில் கிடைப்பார். பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டலாம், திறப்புவிழா வைக்கலாம். அடுத்த வருஷம் ஹார்டு டிஸ்க் போனால் மாற்றிக் கொடுக்க ஆள் வராது. கேமரா நடந்ததைக் காட்டும், உள்ளே வருபவரை, "யாரைப் பார்க்கணும்? இங்க உட்காருங்க" என்று நிறுத்த ஒரு மனிதர் வேண்டும். 'நமக்கு நாமே', எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி எல்லாமே நிலையான சொத்துக்குத்தான். மாதச் சம்பளத்துக்கு அவற்றில் வழி இல்லை. பல ஊர்களில் பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து ஒரு வாட்ச்மேனுக்குக் கொடுக்கிறது. கொடுக்க முடியாத மாதத்தில் அவர் வருவதில்லை, கேட் திறந்து கிடக்கிறது. மல்லிப்பட்டினத்துக்குப் பின் எழுந்த கேள்விக்கு இதுதான் நிலவரம். திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மதிலுக்காக மனுக் கொண்டுபோகும் ஊர்கள், அதே உறையில் வாட்ச்மேன் பணியிடத்துக்கும் தனியாக ஒரு மனு வைத்து, இரண்டுக்கும் ரசீது வாங்கி வரலாம்.